செலிக்மனின் இரு மாணவர்கள்

படிக்கும் பிள்ளையைக் கண்டதும் நாம் கேட்பது "படித்து என்னவாகப் போகிறாய்?" என்ற கேள்வியைத்தான். உன் ஊரில், உன் சமூகத்தில் உன்னை உறுத்துவது எது என்று கேட்பவர்கள் அரிது. முதல் கேள்விக்கான விடை கல்லூரி விண்ணப்பத்தில் ஏறுகிறது. இரண்டாவதற்கான விடை பேச்சுப்போட்டி மேடையோடு நின்றுபோகிறது. இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தேட நேர்ந்த இரு மாணவர்களை இங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் அம்பேத்கர், மற்றவர் ஜே.சி. குமரப்பா.

இவ்விருவரையும் சேர்த்துப் பேசும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒருவர் காந்தியோடு ஓயாமல் வாதாடியவர்; மற்றவர் காந்தியப் பொருளியலுக்கு உருக்கொடுத்தவர். ஒருவருடைய நூல்கள் ஒரு அலமாரியிலும் மற்றவருடையவை வேறொரு அலமாரியிலும் இருக்கின்றன. ஆனால் மாணவப் பருவத்துக்குள் சென்று பார்த்தால் இருவரும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பதுபோலத் தெரிகிறார்கள். 1891 ஏப்ரலில் மோவ் ராணுவக் குடியிருப்பில் ஒருவர் பிறந்தார். 1892 ஜனவரியில் தஞ்சாவூரில் மற்றவர். இருவரும் சென்று சேர்ந்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். இருவரும் எடுத்த பாடம் பொதுநிதி. இருவருக்கும் வழிகாட்டிய பேராசிரியர் எட்வின் செலிக்மன். ஆய்வுப் பொருள்கூட ஏறக்குறைய ஒன்றுதான்: பிரிட்டிஷ் இந்திய அரசு யாரிடமிருந்து வரி வாங்கியது, யாருக்காகச் செலவழித்தது?

அந்த ஒரே மேசையிலிருந்து எழுந்தவர்களில் ஒருவர் இந்தியக் கிராமத்தை விட்டு வெளியேறும் வழியைத் தேடினார். மற்றவர் அதே கிராமத்துக்குள் நுழையும் வழியைத் தேடினார். ஒரே கல்வி எப்படி இரு நேரெதிர்த் திசைகளைக் காட்டியது என்பதைவிட, அத்திசைகள் உண்மையில் எவ்வளவு தூரம் நேரெதிரானவை என்பதுதான் என்னை ஈர்க்கும் கேள்வி.

முதல் வேறுபாடு வரிசையில் இருக்கிறது. அம்பேத்கருக்குச் சமூகக் கவலை முதலில் வந்தது; இலக்கு பின்னால் வந்தது. பள்ளியில் சாக்குத் துண்டில் தனியே உட்கார்ந்த சிறுவனுக்கு, ஊற்றித் தரும் சேவகர் வராத நாளில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. 1901இல் கோரேகாவுக்குத் தந்தையைப் பார்க்கக் கிளம்பிய பிள்ளைகளுக்கு, அவர்களின் சாதி தெரிந்ததும், வண்டிக்காரர் எவரும் வண்டி ஓட்ட முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, தாங்களே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த அனுபவங்களை எந்த நூலகத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் தேடியது அவற்றுக்கான விளக்கத்தை.

குமரப்பாவுக்கு இலக்கு முதலில் வந்தது. கவலை அதன் வழியே வந்தது. வசதியான தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். அப்போது ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற பெயரில் இருந்த அவர் லண்டன் சென்று கணக்காயர் தகுதி பெற்றார். 1919இல் பம்பாய் திரும்பிப் பிரிட்டிஷ் தணிக்கை நிறுவனமொன்றில் சேர்ந்தார். பிறகு கூட்டாளியோடு சொந்த நிறுவனம் தொடங்கினார். மேலைநாட்டு உடை, மேலைநாட்டுப் பழக்கம், நல்ல வருமானம் என்று ஒரு தொழில்முறையாளர் விரும்பக்கூடிய அனைத்தும் முப்பத்தைந்து வயதுக்குள் கைகூடிவிட்டன. 1927இல் அமெரிக்கா சென்று, சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து, 1928இல் கொலம்பியாவுக்கு வந்தபோது, நாட்டின் வறுமை அவருக்கு இன்னும் ஆய்வுப் பொருளாகவில்லை.

அது ஆய்வுப் பொருளான விதத்தை அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று குமரப்பா பேசினார். அப்பேச்சு பற்றிய செய்தி நாளேட்டில் வந்தது. அதைப் படித்த செலிக்மன், பொதுநிதியின் வழியே இந்திய வறுமையின் காரணத்தை ஆராயும்படி மாணவரைத் தூண்டினார். அதுவரை பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்தவர் இப்போது ஒரு பேரரசின் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தார். வரவும் செலவும் ஒரே மக்களுக்கு உரியவையாக இல்லை என்று கண்டார். ராணுவம், கடன் வட்டி, உயர் அதிகாரிகளின் சம்பளம் ஆகியவை பெரும்பங்கைத் தின்றன. வரியின் சுமை ஏழை உழவரின் மீது விழுந்தது. 'பொதுநிதியும் நம் வறுமையும்' என்ற அந்த ஆய்வு அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. கணக்குப் புத்தகம் ஒரு மனிதரின் மனத்தை மாற்றும் என்று வேறொருவர் சொன்னால் நம்புவது கடினம். இவர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

அம்பேத்கர் கொலம்பியாவில் இருந்தது 1913 முதல் 1916 வரை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம். ஆக, அவருக்கும் தொழில் இலக்கு எழுத்தில் இருந்தது: நிதித் துறை அதிகாரி. 1915இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியது. நிலவரி, உப்பு வரி, போர்ச் செலவு, இந்தியர் தலையில் ஏற்றப்பட்ட கடன் ஆகியவற்றை அது வரிசைப்படுத்திக் காட்டியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் குமரப்பா அதே துறையில் அமர்ந்து எழுதியதை இதனோடு சேர்த்துப் படித்தால், அண்ணன் நிறுத்திய இடத்தில் தம்பி தொடங்கியதுபோல இருக்கிறது.

ஆனால் அம்பேத்கர் பொருளியலோடு நிற்கவில்லை. அவர் பயின்ற பாடப் பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும்: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4. வேலை இலக்குக்கு நேரடியாக உதவக்கூடியவை அந்த 29. மற்றவை அவருடைய உறுத்தலுக்காக. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதி எப்படித் தோன்றி எப்படி இயங்குகிறது என்ற கட்டுரையை வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்றும், அதைக் காப்பதற்காகவே விதவைக் கொடுமையும் குழந்தை மணமும் வந்தன என்றும் அவர் அதில் வாதிட்டார். இருபத்தைந்து வயது மாணவரின் கட்டுரை அது. வேலைக்காக ஒரு படிப்பு, கேள்விக்காக ஒரு படிப்பு என்று இரண்டு தண்டவாளங்களில் ஒரே சமயத்தில் ஓடியிருக்கிறார். குமரப்பாவுக்கு அப்படி இரண்டு தேவைப்படவில்லை. அவருடைய வேலையே அவருடைய கேள்வியாக மாறியது.

படிப்பு முடிந்தபின் நடந்தவற்றை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டின் விலை தெரிகிறது. 1917இல் அம்பேத்கர் பரோடா சென்று தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறச் சொன்னது. இரண்டு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் இந்தியக் கிறிஸ்தவர். ஊரிலிருந்து வரவிருக்கும் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். பிராமணக் குடியிலிருந்து மதம் மாறிய குடும்பம் அது. அந்தப் பதிலின் பொருள் அம்பேத்கருக்குப் புரிந்துவிட்டது. பம்பாய் ரயில் இரவில்தான். அதுவரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர், அலுவலக நாற்காலி இருந்தும் படுக்க ஓரிடம் இல்லாமல் ஊர் திரும்பினார்.

1929 மே மாதம் குமரப்பா தம் ஆய்வேட்டோடு சபர்மதி ஆசிரமம் சென்றார். நேர்த்தியான ஐரோப்பிய உடை. மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "குமரப்பாவா?" என்று முதியவர் கேட்டபிறகுதான் அவர் யாரென்று புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். அதில் உட்காரும்படி காந்தி சொல்லியும் குமரப்பா தரையைவிட்டு எழவில்லை.

இவ்விரு காட்சிகளையும் எதிரெதிரே வைக்கும்போது மனம் கனக்கிறது. ஒருவருக்குத் தங்க இடம் மறுக்கப்பட்டது. மற்றவர் கொடுத்த நாற்காலியை மறுத்தார். துறப்பதற்கு முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும். அதன்பிறகு கோட்டைக் கழற்றிக் கதருக்கு மாறிய குமரப்பாவும், கடைசிவரை கோட்டைக் கழற்றாத அம்பேத்கரும் உடையின் வழியே ஒரே கருத்தைச் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்: இச்சமூகம் எனக்கென்று குறித்து வைத்த இடத்தில் நான் இருக்க மாட்டேன். குமரப்பாவுக்குக் குறிக்கப்பட்ட இடம் மேலே இருந்தது, இறங்கினார். அம்பேத்கருக்குக் குறிக்கப்பட்ட இடம் கீழே இருந்தது; ஏறினார். இதில் ஒன்றை எளிமை என்றும் மற்றொன்றை ஆடம்பரம் என்றும் எடைபோடுவது நியாயமாகாது.

பம்பாயில் இருவரும் செய்த வேலைகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. அம்பேத்கர் 1918 முதல் 1920 வரை சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார். பின்னர் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். குமரப்பா தாவர் வணிகக் கல்லூரியில் துணை முதல்வராக இருந்தார். கணக்கர்களாகப் போகும் பம்பாய் இளைஞர்கள் ஒரே பத்தாண்டுக்குள் இந்த இருவரின் வகுப்பிலும் உட்கார்ந்திருக்க முடியும். அப்போதுகூட வேறுபாடு விடவில்லை. அம்பேத்கர் பங்குச் சந்தை ஆலோசனைத் தொழிலைத் தொடங்கியபோது, அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். குமரப்பாவின் நிறுவனத்துக்கு அப்படியொரு தடை எழவில்லை.

இனி, இருவரும் மிக நெருங்கி வந்து மிக விலகிப்போகும் இடத்துக்கு வருவோம். 1918இல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலத் துண்டுகள் சிறிதாக இருப்பதுதான் உழவின் நோய் என்று அக்காலப் பொருளியலாளர்கள் பலர் கூறிவந்தார்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. நிலத்தின் அளவு தனியாக நன்மையோ தீமையோ செய்வதில்லை. அதோடு சேரும் உழைப்பும் முதலும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதே முக்கியம் என்றார். இந்தியாவில் முதல் குறைவு. நிலத்தை நம்பியிருக்கும் ஆட்களோ மிக அதிகம். வேலையின்றிச் சும்மா இருக்கும் கைகள் விளைச்சலை உண்கின்றன, கூட்டுவதில்லை.

குமரப்பா 1929-30இல் குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் கணக்கெடுத்தார். வீடுவீடாகச் சென்று வரவு, செலவு, கடன், கால்நடை, உணவு என்று குறித்தார்கள். அரசு நிர்ணயித்த நிலவரி உழவரின் உண்மையான வருமானத்தோடு பொருந்தவே இல்லை என்பதை அந்தக் கணக்கு காட்டியது. ஆண்டில் பல மாதங்கள் வேலையற்றுக் கிடக்கும் கைகளும் அவர் கண்ணில் பட்டன.

நோயறிதல் ஒன்றுதான்: வேலையற்ற கைகள். மருந்தில்தான் பிரிந்தார்கள். அந்தக் கைகளை நிலத்திலிருந்து எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பு என்றார் அம்பேத்கர். தொழில்மயமாதலே உழவைக் காப்பாற்றும் என்பது அவர் முடிவு. தொழிலை அந்தக் கைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவா என்றார் குமரப்பா. செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், வெல்லம், தேனீ வளர்ப்பு என்று 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் வேலைகள் அனைத்தும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை. ஒருவர் ஆளை நகர்த்தினார். மற்றவர் வேலையை நகர்த்தினார்.

ஏன்? பொருளியலுக்குள் இதற்கு விடை கிடையாது என்பது என் கணிப்பு. குமரப்பா கிராமத்தை வெளியிலிருந்து சுரண்டப்படும் ஒரு முழுப்பொருளாகப் பார்த்தார். நகரமும் ஆலையும் பேரரசும் ஒருபக்கம், கிராமம் மறுபக்கம். அம்பேத்கருக்குக் கிராமம் ஒரு முழுப்பொருளாக ஒருநாளும் தென்பட்டதில்லை. அதற்குள் ஊரும் இருந்தது, சேரியும் இருந்தது. செக்கும் தறியும் தோல் பதனிடும் தொட்டியும் அங்கே வெறும் தொழில்கள் ஆகா. ஒவ்வொன்றின் மீதும் ஒரு சாதியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. கிராமத் தொழிலைக் காப்பாற்று என்றால் யார் எதைச் செய்ய வேண்டும் என்ற பழைய கட்டளையையும் சேர்த்துக் காப்பாற்றுவதாகிவிடாதா என்ற அச்சம் அவருக்கு இருந்ததில் வியப்பில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசமைப்பு வரைவு கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டதற்காகத் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தார்.

அம்பேத்கருடைய கண்ணுக்குப் பட்டது குமரப்பாவின் பொருளியலில் முதலிடம் பெறவில்லை. இது குமரப்பாவின் பெரிய குறை என்றே கருதுகிறேன். அதேவேளை, குமரப்பாவின் கண்ணுக்குப் பட்ட ஒன்று அம்பேத்கரின் திட்டங்களில் மையத்துக்கு வரவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் உலோகமும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். காடும் ஆறும் மழையும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். முதல் வகையின் மீது எழுப்பப்படும் பொருளாதாரம் போட்டியிலும் போரிலும் போய் முடியும் என்று, ஜபல்பூர் சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' நூலில் குமரப்பா வாதிட்டார். அதே நாற்பதுகளில் வைஸ்ராய் அவையின் தொழிலாளர் நல உறுப்பினராக அம்பேத்கர் தாமோதர் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தையும் மின்சாரக் கொள்கையையும் முன்னெடுத்துக்கொண்டிருந்தார். இருள் சூழ்ந்த குடிசைக்கு மின்சாரம் என்ன செய்யும் என்பதை அறிந்தவருடைய அவசரம் அது. எண்பது ஆண்டுகள் கழித்து இன்று ஒரு மாணவர் இவ்விரண்டையும் படித்தால் எதையும் தள்ளிவைக்க இயலாது.

எதிர்பாராத நெருக்கங்கள் பிற்காலத்தில் கூடுகின்றன. 1947இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டம் நிலத்தை அரசுடைமையாக்கிக் கூட்டுப்பண்ணைகளாக நடத்தக் கோரியது. 1949இல் குமரப்பா தலைமையிலான காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு இடைத்தரகர் ஒழிப்பையும் உழுபவர் உரிமையையும் கூட்டுறவுப் பண்ணையையும் பரிந்துரைத்தது. அரசு என்ற சொல்லை ஒருவர் நம்பினார், மற்றவர் நம்பவில்லை. ஆனாலும் நிலக்கிழாரிடம் நிலம் தங்கக்கூடாது என்பதில் இருவரும் ஒன்று. நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவிலிருந்து குமரப்பா சில மாதங்களில் விலகினார். நேருவின் அமைச்சரவையிலிருந்து 1951இல் அம்பேத்கர் விலகினார். ஒருவர் தம் மதத்தின் மூலத்துக்குத் திரும்பி இயேசுவின் வாழ்க்கையைச் சமூக அறமாக வாசித்து நூல் எழுதினார். மற்றவர் தாம் பிறந்த மதத்தைவிட்டு வெளியேறிப் புத்தரைச் சமூக அறமாக வாசித்து நூல் எழுதினார். பொருளியல் மாணவர்கள் இருவரும் கடைசியில் அறநூல் எழுதினார்கள்.

பட்டங்களிலும் ஒரு சமச்சீர் தெரிகிறது. லண்டனில் அருங்காட்சியக நூலகம் திறந்தது முதல் மூடும்வரை உட்கார்ந்து, இரவில் சில அப்பளங்களால் பசியாற்றி, அம்பேத்கர் 1923இல் டி.எஸ்சி. பெற்றார், கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927இல் முறைப்படி வந்தது. நாடு தம்மை ஒதுக்கிய ஒவ்வொரு முறையும் அவர் இன்னொரு பட்டத்தோடு திரும்பி வந்தார்; மறுக்க முடியாத தகுதிச் சீட்டு அவருக்குத் தேவைப்பட்டது. குமரப்பா முதுகலையோடு நின்றார். கிராமத் தொழில்களின் டாக்டர் என்ற பட்டத்தைக் காந்தி அவருக்குச் சூட்டினார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இருவரும் பிற்காலத்தில் மாணவர்களை எங்கே அனுப்பினார்கள் என்பதில் இந்த ஒப்பீடு முழுமை பெறுகிறது. அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் 1950இல் அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரியையும் நிறுவினார். சேரிப் பிள்ளை ஊரைக் கடந்து, நகரம் வந்து, பட்டம் பெற்று, ஆட்சி அலுவலகங்களுக்குள் நுழைய வேண்டும். குமரப்பா கிராமத் தொழில் சங்கத்தின் இருப்பிடமான மகன்வாடியில் கிராமப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, ஐம்பதுகளில் மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். படித்த பிள்ளை நகரத்தைவிட்டு ஊருக்கு வந்து, கணக்கெடுத்து, கைத்தொழில் கற்று, அங்கேயே தங்க வேண்டும். ஒருவர் போட்ட பாதையில் ஏறுபவரும் மற்றவர் போட்ட பாதையில் இறங்குபவரும் எங்கோ ஓரிடத்தில் எதிரெதிரே சந்தித்தே ஆக வேண்டும். முதலாமவர் இரண்டாமவரிடம் கேட்கக்கூடிய கேள்வி, நீ போய்த் தங்கும் அந்த ஊரில் எந்தத் தெருவில் உனக்கு வீடு கிடைத்தது என்பது. இரண்டாமவர் முதலாமவரிடம் கேட்கக்கூடியது, நீ போய் உட்காரும் அந்த அலுவலகத்துக்கான செலவு யாருடைய வரியிலிருந்து வருகிறது என்பது. செலிக்மனின் வகுப்பில் இரண்டாவது கேள்வி பாடமாகவே இருந்தது. முதல் கேள்வியை அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் அம்பேத்கர்.